நான் இல்லாத கும்மி

பாட்டுப் பாடுகிறவர்களுக்கு ஒரு கர்வம் இருக்கும். எனக்கும் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் எங்கள் பிளாட்டில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு டேவான் இருக்கிறது. நிச்சயதார்த்தம், பிறந்தநாள், கருமாதி, தேர்தல் கூட்டம் எல்லாம் அந்த ஒரே கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் அது எங்களுக்கு. ஒன்பது பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிப்போம். பாடுகிறவள் நான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. நவராத்திரிக்குக் கோயிலில் ஏதாவது செய்யலாமே என்று தொடங்கியது, பிறகு கல்யாண வீடு, பள்ளி விழா என்று கிளைவிட்டுப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஒருத்தி யூடியூப்பைப் பார்த்து அடி கொண்டுவருவாள், இன்னொருத்தி மாமியாரிடம் கேட்டு வருவாள். பாட்டுகளை நான் கட்டினேன். புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் லைன் லீடராக இருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தீட்டிய தொண்டை இது. டேவானில் நான் பாடினால் எட்டாவது மாடியில் துணி காயப்போடுகிற பெண் எட்டிப் பார்ப்பாள்.

குழுவைத் தொடங்கியது நானும் என் தோழியும். நான் ஐந்தாவது மாடி, அவள் மூன்றாவது. என்னைவிட நாலு வயது இளையவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஓர் ஆபீசில் கிளார்க் வேலை. விண்ணப்பப் பாரம் நிரப்புவது, மலாயில் கடிதம் எழுதுவது, அதிகாரிகளிடம் சிரித்துப் பேசி டேவானின் சாவியை வாங்கி வருவது எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கு அதிகாரி முகத்தைப் பார்த்தாலே சண்டை வந்துவிடும். அவள் அம்மா இறந்தபோது மூன்று நாள் அவள் வீட்டு அடுப்படியில்தான் நான் இருந்தேன். என் மகள் படிக்கக் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறியபோது என்னைவிட அதிகமாக அழுதவள் அவள். வட்டத்தில் பதினோரு வருடமும் என் இடது பக்கம் அவள்தான் நின்றாள்.

எங்கள் கும்மிக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. அது சோம்பேறித்தனத்தில் பிறந்தது. நாலு மணி என்றால் நம் பெண்கள் நாலரைக்குத்தான் வருவார்கள். ஒருத்திக்குச் சோறு வடியவில்லை, ஒருத்திக்குப் பிள்ளை குளிக்கவில்லை. ஆரம்பத்தில் திட்டிப் பார்த்தேன், முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு திட்டுவதையே பாட்டாக்கிவிட்டேன். யார் டேவான் வாசலில் தலையைக் காட்டினாலும் அவளுக்கு ஒரு வரி.

பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவள் ஒருத்தி இருந்தாள், எங்களில் இளையவள். அவளுக்கு, ‘தோட்டத்து மோட்டார்க்காரியே, தொப்பியைக் கழற்றி வாடி உள்ளே.’ சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு நேராக வந்து நிற்கிறவளுக்கு, ‘பாசாரை வாங்கி வந்தவளே, பையை வச்சிட்டு வாடி உள்ளே.’ என் தோழிக்கு, ‘ஆபீசுச் செருப்பைக் கழட்டிவிட்டு அருமைத் தங்கச்சி வாடி உள்ளே.’ என்னைவிட மூத்தவர்களுக்கும் பாட்டில் ‘வாடி’தான். சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக வந்து வட்டத்தில் நிற்பாள். எட்டுப் பேரையும் கூப்பிட்டு முடித்த பிறகு கடைசியாக என்னை நானே கூப்பிட்டுக்கொள்வேன்.

‘கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்தி, கூப்பிட்டவளும் வாரேன் உள்ளே.’

அதைப் பாடிவிட்டு நிறுத்துவேன். என் தோழியும் அவளுக்கு அடுத்தவளும் ஓரடி தள்ளி நின்று இடம் விடுவார்கள். மூன்று எட்டு வைத்து நான் போய் அங்கே நிற்பேன். அதன் பிறகுதான் முதல் தட்டு. நாளடைவில் இதுவே எங்கள் ஆட்டத்தின் தொடக்கம் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் இந்தப் பகுதியைத்தான் ரசித்துக் கேட்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்ந்துவிட்டது, குனிந்து நிமிர்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் எண்ணெயைச் சூடாக்கி அவர்தான் தேய்த்துவிடுவார். நான் கும்மியை விடவில்லை. குனிந்து அடிக்கிற இடத்தில் பாதி குனிவேன். வேகம் எடுக்கிற இடத்தில் பாட்டைக் கொஞ்சம் இழுத்து, மூச்சு விட்டு, மறுபடி எடுப்பேன். பாட்டு என் கையில் இருந்ததால் இது சுலபமாக இருந்தது. நான் மெதுவாகப் பாடினால் எல்லோரும் மெதுவாக ஆடித்தானே ஆகவேண்டும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், ஃபெரி ஏறிப் போகிற ஜார்ஜ்டவுனில் வருடம் ஒருமுறை நாட்டுப்புறப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஒரு விழா நடக்கும். கடலோரம் பாடாங் திடலில் மேடை போட்டு, மலாய்க்காரர்களின் போரியா பாடுகிறவர்கள், சிங்க நடனக்காரர்கள், பெரிய கொடிகளை நெற்றியில் நிறுத்துகிறவர்கள், சியாம் ஆட்டக்காரர்கள் என்று பினாங்கில் எத்தனை வகை மனிதர்கள் உண்டோ அத்தனை பேரும் வருவார்கள். தமிழர் பக்கத்திலிருந்து உறுமி மேளம்தான் போகும். கும்மி போய் நான் பார்த்ததில்லை. அந்த மேடையில் ஒரே ஒரு தடவை என் பாட்டோடு வட்டத்தில் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்குக் கிடையாது. முட்டி தேயத் தேய அந்த ஆசை அவசரமாகிக்கொண்டே வந்தது. பாரம் போடு, பாரம் போடு என்று தோழியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்த கையோடு அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சின்ன மைக்.

“அக்கா, பாரத்தோட பாட்டையும் ரெக்கார்ட் பண்ணி அனுப்பணுமாம். ஒரு தடவ பாடுங்க” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். நின்றால்தான் எனக்குப் பாட்டு வரும்.

“ஐயோ, உட்காந்து பாடுங்கக்கா. நின்னா உங்களுக்கு மூச்சு வாங்கும்லா. நாற்காலியில உட்காருங்க, நல்லா வரும்.”

காற்றாடியை அணைத்தாள். சன்னலைச் சாத்தினாள். நான் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டி, ஒரே மூச்சில் பாடி முடித்தேன். காலைப் பற்றிய கவலை இல்லாததால் ஐந்து வருடத்துக்கு முந்தைய வேகம் தானாக வந்தது. எட்டுப் பேரையும் கூப்பிட்டேன், என்னையும் கூப்பிட்டேன், நான் நடந்துபோகிற அந்த மூன்று எட்டுக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி இடைவெளியும் விட்டேன். முடிந்ததும் அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் பாட்டு அவளை உருக்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மடச்சி நான்.

இரண்டு மாதம் கழித்து லிஃப்டில் வைத்துச் சொன்னாள். “இந்த வருஷம் இடம் கிடைக்கலக்கா. லிஸ்டு ஃபுல்லாம்.”

அங்கேயே கத்தினேன். உறுமிக்கு இடம் உண்டு, கும்மி என்றால் இளக்காரமா என்றேன். நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன் என்றேன்.

“விடுங்கக்கா. சண்டை போட்டா அடுத்த வருஷமும் தர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

விட்டுவிட்டேன். எங்களைச் சேர்க்காத விழாவை எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்று அவளிடம் வீறாப்பாகச் சொன்னேன். அதற்கடுத்த வாரங்களில் பயிற்சியும் நின்றுபோனது. டேவானுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம் என்றாள். தினமும் அந்த டேவானைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பெயிண்ட் வாசம் வரவில்லையே என்று ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. விழா நடந்த வாரத்தில் அவள் மூன்று தடவை கேட்டாள், “ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஓவர்டைம்தானேக்கா?” என்று. ஆமாம் என்றேன் மூன்று தடவையும். கால் வலியோடு ஞாயிறும் வேலைக்குப் போகிறேனே என்ற பரிதாபத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் ஃபேக்டரியிலிருந்து தகவல் வந்தது. மெஷின் கெட்டுவிட்டது, வர வேண்டாம். மத்தியானம் வரைக்கும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு டெய்லரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். அதையாவது வாங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

“இன்னிக்கே போகணுமா? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். வெயிலப் பாரு” என்றார் கணவர்.

“நாளைக்கு எனக்கு வேலை.”

“கால் வீங்கிடும் சொல்லிட்டேன்.”

“என் கால எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் பால்கனியில் நின்று நான் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரவிக்கையை வாங்கியதும் நேராக ஃபெரிக்குத் திரும்பியிருக்கலாம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு விழாவைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. வீறாப்பெல்லாம் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. மணிக்கூண்டுப் பக்கம் மெதுவாக நடந்தேன். எதிர்ப்பக்கம் போகக் காரெல்லாம் கடக்கட்டும் என்று நின்றபோது கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. ஒரு பெண் பாடுகிறாள். இரண்டு வரி பாடி நின்றது. மறுபடி அதே இரண்டு வரி. நிகழ்ச்சிக்கு முன் சத்தம் சரிபார்க்கிறார்கள் போல.

முதலில் எனக்கு வந்தது கோபம். அது என் பாட்டு. எவளோ ஒருத்தி என் பாட்டைத் திருடிப் பாடுகிறாள், அதுவும் நன்றாகப் பாடுகிறாள். யாரென்று பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று காலை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். பாதி தூரம் போனதும் அந்தப் பெண் பாட்டுக்கு நடுவே, ‘கை தாழுது பார், கையைத் தூக்கு’ என்றாள். வட்டத்தில் யாராவது சோர்ந்தால் நான் போடுகிற அதட்டல் அது. உட்கார்ந்து பாடிய அன்றும் பழக்க தோஷத்தில் அதைப் போட்டிருந்தேன். நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். அது என் குரல்தான்.

அப்போதும் எனக்குத் துரோகம் என்று தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. இடம் கிடைத்துவிட்டது போல, கடைசி நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள் போல, எனக்கு ஓவர்டைம் என்று நினைத்து என் பாட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டார்கள் போல என்று நானே அவர்களுக்காகக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போனேன். இப்போது போனால்கூட ஏறிவிடலாம் என்று கைப்பையில் இருந்த புது ரவிக்கையைப் பற்றிக்கூட யோசித்தேன்.

பாடாங்கில் நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்து நிற்பதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. பட்டர்வொர்த் பெண்களின் கும்மி என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் நான் கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாக மேடையேறினாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சளில் சேலை, ஒரே மாதிரி பச்சை ரவிக்கை, கொண்டையைச் சுற்றி ஒரே அளவில் மல்லிகைச் சரம். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் எட்டுப் பேருக்கு எட்டு ரவிக்கை தைத்துவிட முடியாது. எந்த டெய்லரும் தரமாட்டான். அந்த எட்டு ரவிக்கையைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

எட்டுப் பேரும் வந்தாயிற்று. பாட்டு நிற்கவில்லை. ‘கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்தி, கூப்பிட்டவளும் வாரேன் உள்ளே’ என்றது.

என் தோழியும் அவளுக்கு அடுத்தவளும் ஓரடி தள்ளி நின்றார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. பதினோரு வருடப் பழக்கம், கால் தானாகத் தள்ளிவிட்டது. வட்டத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் திறந்தது. பாட்டில் அந்த மூன்று எட்டு இடைவெளி. எட்டுப் பேரும் கையை உயர்த்தி, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாடாங் முழுக்க அமைதி. என் பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மலாய்க்காரப் பெண், இன்னும் யாரோ வரணுமா என்று மலாயில் என்னிடம் கேட்டாள். நான் தெரியாது என்று தலையாட்டினேன்.

தோழிதான் முதலில் சுதாரித்தாள். வலது பக்கம் ஓரெட்டு வைத்து அந்த இடத்தை மூடினாள். முதல் தட்டு விழுந்தது.

நன்றாக ஆடினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரிதான். குனிந்தால் எட்டு முதுகும் ஒன்றாகக் குனிந்தன, நிமிர்ந்தால் எட்டுக் கொண்டையும் ஒன்றாக நிமிர்ந்தன. வேகம் எடுக்கிற இடத்தில் பாட்டு இழுக்கவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என் பாட்டுக்கு இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பெண்ணின் பிள்ளை தன் இரண்டு கையையும் அடித்துக்கொண்டது. நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் அழுதுவிடுவேன் போல் இருந்தது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூடாரத்துக்குப் போனேன். தண்ணீர் குடித்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. தோழி கடைசியாகத் திரும்பினாள்.

“அக்கா, உங்களுக்கு ஓவர்டைம் இல்லையா?” என்றாள்.

பதினோரு வருடம் பழகியவள் அங்கே என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை அது.

“மெஷின் கெட்டுப்போச்சு. அதுக்கு விழான்னு தெரியாதுல்ல” என்றேன்.

மோட்டாரில் வருகிற இளையவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “அழாதடி, மை கரையும். இன்னும் ஃபோட்டோ எடுப்பாங்க” என்றேன். அவள் இன்னும் பலமாக அழுதாள்.

“மேடை சின்னதுக்கா. எட்டுப் பேருக்குத்தான் இடம்னு சொல்லிட்டாங்க” என்றாள் தோழி. அவள் சொல்லி வாயை மூடவில்லை, எங்களைத் தாண்டிப் பதினைந்து இருபது பேர் கொண்ட ஒரு குழு மேடைக்குப் படியேறியது. நான் அவர்களைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்கு மேல் அவள் பொய் சொல்லவில்லை.

“சரி, நேராவே சொல்றேன். ரெண்டு வருஷமா உங்க காலுக்குத்தான் நாங்க எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்கோம். உங்களுக்குத் தெரியல. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல தேத்தண்ணி கலக்கிக் குடிச்சிட்டு வந்துடலாம்லா. கல்யாண வீட்டுல சகிச்சிக்குவாங்க. இங்க சிரிப்பாங்கக்கா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கணுமா இல்லையா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? சரி, நீங்க ஆடுங்க, நான் உட்காந்து பாடுறேன்னு சொல்லியிருப்பீங்களா?”

சொல்லியிருக்க மாட்டேன். பாடுகிறவள் வட்டத்துக்குள் இல்லாமல் என்னடி கும்மி என்று டேவானே அதிரக் கத்தியிருப்பேன். பாரத்தைக் கிழித்திருந்தாலும் கிழித்திருப்பேன். அவள் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள். இவ்வளவு தெரிந்தவள் இதைச் செய்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, காற்றாடியை அணைத்து, என்னை வெளியே அனுப்புவதற்கு என்னையே பாட வைத்திருக்கிறாள். நானும் என்றைக்கும் இல்லாத மாதிரி நன்றாகப் பாடிக் கொடுத்திருக்கிறேன்.

“ஒன்பது பேர் குழுவுல எட்டுப் பேருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?” என்றேன்.

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். “நாங்களா முடிவு பண்ணலக்கா. அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம்.”

“எந்த அண்ணன்?”

“உங்க வீட்டு அண்ணன்தான். அவருதான் சொல்லாதீங்கன்னாரு. சொன்னா ஆடியே தீருவா, விழுந்தா யாரு பாக்கிறதுன்னாரு.”

அதற்குள் யாரோ சான்றிதழோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். “வாங்கக்கா, நீங்களும் வந்து நில்லுங்க. பாட்டு உங்களோடதுதானே” என்று ஒருத்தி என் தோளைத் தொட்டாள். அந்த மஞ்சள் வரிசையில் காலையில் வேலைக்கென்று போட்ட சட்டையோடு நான் எங்கே போய் நிற்பது. கையை எடு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அடுத்து ஏறக் காத்திருந்த சீனப் பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஃபெரிக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. முட்டி வலித்ததா என்றும் நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டெய்லர் கட தொறந்திருந்துச்சா?” என்றார்.

“தொறந்திருந்துச்சு. பாடாங்குக்கும் போனேன். நல்லா ஆடினாங்க.”

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. “உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றார்.

“என் காலப் பத்தி எட்டுப் பொம்பளைங்ககிட்ட பேசத் தெரிஞ்ச உங்களுக்கு, என்கிட்ட பேசத் தெரியலையா? தினம் இந்தக் காலத் தொட்டுத்தானே எண்ணெய் போடுறீங்க?”

“உன்கிட்ட பேச முடியுமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனுஷன் சொல்கிற மாதிரி சொன்னார். சாயங்காலம் வழக்கம்போல எண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்தார். கீழே வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். நானே தேய்த்துக்கொண்டேன். முட்டியின் பின்பக்கம் என் கைக்குச் சரியாக எட்டவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் யாரோடும் நான் பேசவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது, பாராட்டுகள் வந்து கொட்டின, நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குள் மனசில் ஒத்திகையும் பார்த்து வைத்திருந்தேன். அவள் வருவாள், வராமல் இருக்க மாட்டாள். வந்து மன்னிப்புக் கேட்பாள். பத்து நிமிடம் நன்றாகத் திட்டுவேன். அப்புறம் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பேன். எந்தக் குவளையில் கொடுப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். வெட்கம்தான், என்ன செய்வது, அவளை விட்டால் எனக்கு அந்த பிளாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வந்தாள். என் கணவர் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். பயிற்சிக்குக் கட்டுகிற பழைய பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். உட்காரவில்லை.

“கால் எப்படி இருக்குக்கா?”

“இருக்கு.”

“ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்குறதுன்னு ஒரு வாரமா யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

கேள் என்றேன்.

“ஈப்போவுல ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்த ரெக்கார்டுல கடைசி வரி இருக்குல்ல, உங்களை நீங்களே கூப்பிடுறது. அந்த எடத்துல எங்களுக்குக் கால் தடுமாறுது. அத மட்டும் வெட்டிட்டா நேரா தட்டுக்குப் போயிடலாம். அன்னிக்கே நீங்க சொன்னீங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கணும்னு. அதான் இந்தத் தடவ கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, நடிப்பு இல்லை. செய்த தப்பைத் திருத்திக்கொண்டு, முறையாக வந்து, உண்மையாகவே என் அனுமதியைக் கேட்டு நின்றாள். சமையலறையில் குழாயின் சத்தம் நின்றது.

“வெட்டிக்கோ” என்றேன்.

“தேங்ஸ்க்கா” என்றாள். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் எனக்குக் கேட்டது. கேட்காமல் வெட்டியிருந்தால் அவளைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.